பொட்டு வைத்த கார்டு

ஆயுதபூஜையன்று தொடக்கூடாத பொருள்களில் கம்ப்யூட்டரும் சேர்ந்துவிடும் என்று அஷ்வினி நினைத்தே பார்க்கவில்லை. நினைத்திருக்க வேண்டும். அரிவாள்மணையில் தொடங்கித் தையல் மிஷின்வரை சந்தனம் குங்குமம் வைக்கிற அம்மா, போன வாரம் வந்து இறங்கிய புது மிஷினை மட்டும் சும்மா விடுவாளா?

அது அஷ்வினியின் சொந்தச் சம்பாத்தியம். ஊரோரத்து ஹெப்பாள் பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை. சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே கேம் பார்லருக்குப் போய்க் கார் பந்தயம் ஓட்டுவாள். ஒருநாள் கடைசிச் சுற்றில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவளை, பையன்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கடைக்காரன் எழுப்பிவிட்டான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பல நாள் காதை விட்டுப் போகவில்லை. இனி ஆடினால் சொந்த மிஷினில்தான் என்று வைராக்கியம் வந்துவிட்டது.

மிஷின் வந்தது, பந்தயம்தான் ஓடவில்லை. கார் முக்கி முனகி நகர்ந்தது. நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் கிரண், தெரிந்த கடையில் சொல்லி இரண்டு கார்டுகளைப் பூஜையன்று காலையில் கொண்டுவந்து கொடுத்தான். ஒன்று மகா வேகம். ஆனால் அதைச் செருக மிஷினுக்குள் ஏ.ஜி.பி. என்ற பழுப்பு ஸ்லாட் இருந்தாக வேண்டும். மற்றது கொஞ்சம் மந்தம். எல்லா மிஷினிலும் இருக்கிற வெள்ளை ஸ்லாட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் புத்தம்புதுசாகத் திருப்ப வேண்டும், அதுவும் விஜயதசமியன்று கடை திறக்கும்போதே. சாயங்காலம் பஸ் ஏறுமுன் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவன் தசரா பொருட்காட்சி பார்க்கக் கிளம்பினான்.

அஷ்வினிக்குக் கை பரபரத்தது. வேகமான கார்டை உறையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தால் பூஜையே முடிந்திருந்தது. கம்ப்யூட்டருக்கு மாலை. அதன் தலைமேல் அந்தக் கார்டு, நடுவிலிருந்த கறுப்புச் சில்லில் சந்தனமும் குங்குமமும். பக்கத்தில் ஸ்க்ரூ டிரைவருக்கும் ஒரு பொட்டு.

"நாளைக்கு மறுபூச ஆவற வரைக்கும் ஆரும் தொடக்கூடாது அம்முணி," என்றாள் அம்மா சுந்தராம்பாள். "பொட்டு வெச்சது வாசப்படி தாண்டவும் கூடாது."

போகட்டும், ஆசைப்பட்ட கார்டே நிலைத்துவிட்டது என்று முதலில் மனம் குதித்தது. பிறகுதான் அரிக்கத் தொடங்கியது. உள்ளே பழுப்பு ஸ்லாட் இருக்கிறதா? மிஷினைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தவன் எல்லாம் இருக்கிறது என்றுதான் சொன்னான். எல்லாம் என்றால் எது எது என்று கேட்காமல் வந்த தன் புத்தியைத் திட்டிக்கொண்டாள். முதுகுப்புற ஓட்டைகளில் டார்ச் அடித்தால் இருட்டுத்தான் தெரிந்தது. வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். மதியச் சாப்பாடு இறங்கவில்லை.

பொரிகடலை கொடுக்க அம்மா பக்கத்து வீட்டு கௌரம்மாவிடம் போனதும் பொறுமை போயே போய்விட்டது. பொட்டு வைத்த ஸ்க்ரூ டிரைவரைத் தொடக் கை வரவில்லை. ஒரு நாணயத்தால் திருகாணிகளைக் கழற்றி, மாலை கலையாமல் பக்க மூடியை நகர்த்தினாள். வெள்ளை ஸ்லாட்டுகள் மட்டும் வரிசையாக இருந்தன. பழுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சர்க்யூட் பலகை மொட்டையாகக் கிடந்தது.

இந்தக் கார்டு இந்த மிஷினுக்கு ஆகாது. பொட்டோடு கொடுத்தால் கடைக்காரர் வாங்கமாட்டார். மந்தமானதாவது தங்க வேண்டுமானால், இதைத் துடைத்து அனுப்பியாக வேண்டும்.

துணியை நனைத்துப் பிழிந்து எடுத்துவந்து சில்லருகே கொண்டுபோனாள். அதற்குமேல் கை போகவில்லை. அப்பாவின் காரியத்தன்று பெண்கள் சுற்றி உட்கார்ந்து அம்மாவின் நெற்றியைத் துடைத்தது கண்முன்னால் வந்து நின்றது. அன்று யாரும் அம்மாவைக் கேட்கவில்லை.

"என்ன அம்முணி?"

அம்மா எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அஷ்வினி மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பழுப்பு ஸ்லாட் அம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, ஈரத்துணி பொட்டின்மேல் படாமல் நின்ற காரணம் புரிந்துவிட்டது. கார்டை வாங்கி முந்தானை நுனியால் பதமாகத் துடைத்தாள்.

"நீ பண்ணாத கண்ணு. பாவம்னா எம்மேலயே இருக்கட்டும். இதொண்ணும் எனக்குப் புதுசில்ல."

கிரண் வந்து, துடைத்த கார்டை ஒன்றும் தெரியாமல் வாங்கிக்கொண்டு போனான். அம்மா குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து மற்றக் கார்டின் பக்கத்தில் வைத்தாள். "இதுக்கு நீயே வெய்யி. எங்க வெச்சா கெடாதுன்னு உனக்குத்தான தெரியும்."

கார்டின் தகரப் பட்டையின் ஓரத்தில் அஷ்வினி ஒரு பொட்டு வைத்தாள். காலையில் மறுபூஜை ஆனதும் பந்தயம் ஓடும், அவளை யாரும் எழுப்ப முடியாது. ஆனாலும் அவள் கண் திரைப் பக்கமே போகவில்லை. அம்மாவின் முந்தானையில் ஒட்டியிருந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.