காது மேடம் விடுதி வழியாகப் போனார்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றே விழட்டும். அந்த மூன்றை நம்பித்தான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதால் இதை லேசான சத்தியமாக நினைக்க வேண்டாம்.

அம்மாவைத் தூக்கிக் கண்ணாடி வண்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தும்போது அம்மாவின் கைப்பேசி அடித்தது. அது அவருடைய மகளின் தோள்பையில் இருந்தது. நேற்றிலிருந்தே ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது, எல்லாம் துக்கம் கேட்பவர்கள். இதுவும் அப்படித்தான் என்று எடுத்தாள்.

"மேடம், தூங்கிட்டிருந்தீங்களா?" என்றது ஒரு பெண்ணின் குரல்.

மகள் கண்ணாடிக்கு உள்ளே பார்த்தாள். "இல்ல, சொல்லும்மா" என்றாள்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. தேங்க்ஸ் சொல்லணும்னு தோணுச்சு. இவ்ளோ நாளா நான் பேசினதெல்லாம் கேட்டீங்கல்ல. அவ்ளோதான் மேடம்."

அந்த 'அவ்ளோதான்' மகளுக்குப் பிடிக்கவில்லை.

அம்மா பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர். பிள்ளைகள் வைத்த பெயர் காது மேடம். முந்தின நாள் காலையில் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தவர், பாதி மடித்த துண்டோடு நாற்காலியிலேயே போய்விட்டார். மாரடைப்பு. அவருடைய தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். கூப்பிட்டவர்தான் வைக்க வேண்டும், இவர் முதலில் வைக்க மாட்டார். ஒருமுறை பேசிக்கொண்டே தூங்கிவிட்ட ஒருவனின் குறட்டையை, அவன் எழுந்து பல் தேய்க்கப் போகும்வரை கேட்டிருக்கிறார். மகளின் திருமணப் படங்களில் ஒன்றில்கூட அம்மாவின் வலது காது கிடையாது. எல்லாவற்றிலும் அங்கே கைப்பேசிதான்.

மகளுக்குத் தன் குரலை அப்படியே கொடுத்திருந்தார். பொறுமையைக் கொடுக்கத்தான் மறந்துவிட்டார். மகள் பல் மருத்துவர். மற்றவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பழக்கமே தவிர, திறந்த வாய் பேசுவதைக் கேட்டுப் பழக்கமில்லை.

ஆனால் சின்ன வயதில் சமையலறையில் நின்று அம்மா போனில் கேட்கும் ஒரு கேள்வி அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. உப்பு போதுமா என்று கேட்பதுபோல் கேட்பார். அதே மாதிரி கேட்டாள்.

"செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?"

சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். சாவு வீட்டு வாசலில் கேட்கிற கேள்வியா இது என்று பக்கத்து வீட்டுக்காரர் இரண்டடி தள்ளி நின்றார்.

"ஆமா மேடம்."

"எங்க இருக்க இப்போ?"

"ரூம்லதான்."

"கூட யாரு இருக்கா?"

"யாருமில்ல. ஹாஸ்டலே காலி. காலைல பஸ் பஸ்ஸா எல்லாரும் எங்கயோ போய்ட்டாங்க. என்னை யாரும் கூப்பிடல."

மகள் நிமிர்ந்தாள். தெரு முழுக்கப் பல்கலைக்கழகப் பேருந்துகள். காது மேடத்துக்காக விடுமுறை அறிவித்து, மொத்த வளாகத்தையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். மாணவர்கள், பேராசிரியர்கள், வளாக மருத்துவர், வாசல் காவலாளி. அந்தப் பெண்ணின் கதவைத் தட்டக்கூடிய அத்தனை பேரும் கையில் மாலையோடு ஒழுங்காக வரிசையில் நின்றிருந்தார்கள். முன்னால் விடுதி வார்டன் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

மகள் கைப்பேசியை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு அவரிடம் போனாள். "உங்க ஹாஸ்டல்ல ஒரு பொண்ணு தனியா இருக்கா. இப்பவே போகணும்."

"இருக்காது டாக்டர். ரூம் ரூமா தட்டித்தானே ஏத்தினேன்."

"எல்லா ரூமும் தட்டினீங்களா?"

"மாடியில கடைசி ரூம்... அந்தப் பொண்ணு ஒரு வாரமா கீழ சாப்பிடவே வரலை. ஊருக்குப் போயிருப்பான்னு நெனச்சேன்."

பேருந்துகள் ஒன்றின் வாலில் ஒன்று மூக்கை வைத்து நின்றன. ஒன்றைத் திருப்ப வேண்டுமென்றால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். தெருமுனையைப் பார்த்து நின்றது ஒரே ஒரு வண்டிதான்.

"இதுல ஏற்கெனவே ஆள் இருக்காங்களே" என்றார் வண்டி ஓட்டுநர்.

"இறக்கி வச்சிட்டுப் போயிட்டு வாப்பா" என்றார் தாய்மாமா. "தங்கச்சி எங்க போயிடப் போறா."

"எரிக்கிற இடத்துல நமக்குக் கொடுத்த நேரம் தவறிடும் சார். அப்புறம் சாயங்காலந்தான் கிடைக்கும்."

அப்பா நேற்றிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தார். "அவளுக்கென்ன அவசரம். இறக்க வேணாம், அவளும் போகட்டும். தெனம் போற வழிதான்."

அப்படித்தான் கிளம்பினார்கள். பின்னால் அம்மாவுக்குப் பக்கத்துப் பலகையில் மகளும் வார்டனும், முன்னால் மாமா. சாவு வண்டி அவ்வளவு வேகமாகப் போய் அந்த ஊர் பார்த்ததில்லை. சந்திப்பில் நின்ற காவலர் மரியாதைக்குத் தொப்பியைக் கழற்றினார். திரும்பப் போடுவதற்குள் இரண்டு சிக்னல் தாண்டியாயிற்று. மாமா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "வழி விடுங்க, சீரியஸ் கேஸ்" என்று கத்தினார்.

"சார், வண்டியில மாலை தொங்குது சார். உள்ள வாங்க" என்றார் ஓட்டுநர்.

பின்னால் மகளுக்குப் பேச்சு தீர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணும் பேசவில்லை. சும்மா இருக்கப் பயந்து, தனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டாள். "பல்லு தேச்சியாம்மா?"

"...மூணு நாளா இல்ல." கொஞ்சம் பொறுத்து, "நீங்க இப்படிக் கேக்க மாட்டீங்களே. நீங்க மேடம் இல்ல."

வார்டன் மகளின் முழங்கையைப் பிடித்தார். "நான் அவங்க பொண்ணு."

"மேடம் எங்க?"

"பக்கத்துலதான் இருக்காங்க."

"அவங்ககிட்ட குடுங்க."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அம்மாவின் தலை லேசாக இந்தப் பக்கம் திரும்பியது. மகள் அதை நேராக்கவில்லை. "அவங்களால இப்பப் பேச முடியாது. ரெண்டு பேரும் உன்கிட்டதான் வந்துட்டிருக்கோம். வீட்டு விஷயம் ஏதாவதா?"

"பாஸ்னு வீட்டுல சொல்லிட்டேன். ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. நான் பரீட்சைக்கே போகல" என்று ஆரம்பித்த குரல், வண்டி பாலத்துக்கு அடியில் நுழைந்ததும் அறுந்தது.

"ஹலோ. கேக்குதா? ஹலோ."

வார்டன் கண்களை மூடிக்கொண்டார். பாலத்தின் இருட்டு முடிந்து வெயில் வந்த பிறகும் கைப்பேசியில் இரைச்சல்தான். மகள் அதைக் காதோடு இன்னும் அழுத்தினாள், அழுத்தினால் ஏதோ ஆகும் என்பதுபோல்.

"அம்மாடி. இருக்கியா?"

"...இருக்கேன்."

மகள் ஓட்டுநருக்கு இன்னும் வேகம் என்று கை காட்டினாள்.

விடுதி வாசலில் வண்டி நிற்கும் முன்பே வார்டன் குதித்தார். முழங்கால் வலியால் மாடி ஏற முடியாது, லிஃப்ட் வேண்டும் என்று வருடக்கணக்காக மனு போட்டவர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தை மாமா இன்றும் நடித்துக் காட்டுவார்.

"யாரோ கதவைத் தட்டுறாங்க" என்றாள் அந்தப் பெண்.

"வார்டன்தான். தொற."

"திட்டுவாங்களா?"

"மூச்சே இல்ல அவங்களுக்கு. எங்க திட்டுறது."

தாழ்ப்பாள் விலகுவது கைப்பேசிக்குள் கேட்டது. பிறகு வார்டன் அழுவது கேட்டது.

இரண்டு பேரும் இறங்கி வந்தார்கள். கசங்கிய நைட்டி, சீவாத தலை, காதில் இன்னமும் கைப்பேசி. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. அந்தப் பெண் உள்ளே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"எப்போ?" என்று கைப்பேசியிலேயே கேட்டாள்.

"நேத்து காலைல" என்று ஓரடி தூரத்திலிருந்து மகளும் கைப்பேசியிலேயே சொன்னாள்.

"நான் கூப்பிட்டதால இங்க கொண்டு வந்தீங்களா?"

"வழியிலதானே" என்றாள் மகள். எரியூட்டும் இடம் நேர் எதிர்த்திசையில் இருந்தது. "ஏறிக்கோ. முதல்ல ஆஸ்பத்திரி."

மருத்துவமனை வாசலில் காவலாளி ஓடிவந்து கையைக் குறுக்கே நீட்டினார். "பாடி எடுக்கற வண்டி பின்பக்கமா வரணுங்க."

"எடுக்க வரலப்பா, விட வந்தோம்" என்றார் மாமா.

காவலாளி தன் வேலையில் கேட்டிராத பதில் அது. கையை இறக்கினார்.

மனநல மருத்துவர் வந்தார், கட்டில் கிடைத்தது. அந்தப் பெண்ணின் அம்மாவும் அப்பாவும் ஊரிலிருந்து கிளம்பிவிட்டார்கள். பாஸா ஃபெயிலா என்று கேட்க வேண்டாமென்று மாமா அவர்களிடம் போனிலேயே சொன்னார், ஒருமுறைக்கு ஏழுமுறை. வார்டன் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இனி யார் எழுப்பினாலும் எழுவதில்லை என்பதுபோல் உட்கார்ந்தார். மகள் வெளியே வந்தபோது வண்டி வெயிலில் நின்றிருந்தது. ஓட்டுநர் தன் குடையை விரித்து அம்மாவின் முகத்துப் பக்கம் கண்ணாடிக்கு மேலே பிடித்திருந்தார்.

நடந்தது இவ்வளவுதான், ஒன்றையும் நான் கூட்டவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசகர் பணியிடம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை காலியாகவே இருக்கிறது, ஒருவரையும் அதில் போட்டதேயில்லை. மூன்று பற்களையும் நாக்கால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.