தண்டோரா போட்ட கடவுச்சொல்

1
ஜவ்வாது மலையில் ஓர் ஊர் தன் கடவுச்சொல்லைத் தண்டோரா போட்டு அறிவித்ததாம். ஒருவர் சொன்னார், மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கதை அங்கே பிறந்தது.

முதல் தொடக்கம்: ‘மேகம் தவழும் மலையுச்சியில்...’

வேண்டாம். மேகத்துக்கு இதில் வேலை இல்லை.

2
சாமை விற்கும் சங்கத்தை ரேணுகாதேவி நடத்துகிறாள். ஊரில் இணையம் வரும் ஒரே இடம் சங்கத்தின் வாசல். வைஃபைக்குப் பூட்டு கிடையாது. திருப்பூரில் இருக்கும் மகளை மங்கம்மாள் அங்கே உட்கார்ந்துதான் போனில் பார்த்துப் பேசுவாள்.

போன மாதம் யாரோ அந்த வழியாக வைரஸை ஏற்றிச் சங்கத்துக் கணினியை முடக்கிவிட்டார்கள்.

(யார் என்று தேடினால் இது துப்பறியும் கதையாகிவிடும். தேடவில்லை.)

இணைப்பு கொடுத்த அன்பரசன் ஒடுகத்தூரிலிருந்து வந்து கடவுச்சொல் போட்டுவிட்டுப் போனான். பொதுக் காரியம் எதுவானாலும் தண்டோரா போடுவது ஊர் வழக்கம். கடவுச்சொல்லையும் அப்படியே போடச் சொன்னாள் ரேணுகாதேவி.

3
தண்டோராவைக் கேள்விப்பட்டு அன்பரசன் திரும்பி வந்தான்.

“இன்னாக்கா இது? பூட்டப் போட்டுட்டு சாவியத் தெருத்தெருவா குடுப்பீங்களா?”

“பொதுப் பூட்டாச்சே. மறைச்சி வெச்சா கேக்க மாட்டாங்களா?”

வாசலிலிருந்து மங்கம்மாள் குரல் கொடுத்தாள். “பாஸ்வேர்டுல வர்ற அந்த நட்சத்திரக் குறி போன்ல எங்க கீதுன்னே எனக்குத் தெரியல சாமி. இவதான் அமுக்கிக் குடுத்தா.”

ரேணுகாதேவி வெட்கத்தில் தலை

(இல்லை. குனியவில்லை.)

“தப்புதான்” என்றாள். “சங்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தனி லைன் போடு. அந்தப் பூட்டு என்னோட இருக்கட்டும். வாசலுக்கு வர்றது தொறந்தே கெடக்கட்டும்.”

“அதுல எவனாவது மிரட்டல் அனுப்புனா போலீஸ் உங்களத்தான் இட்டுக்கினு போவும்.”

“வரட்டும். எவனோ ஒருத்தனுக்காக ஊரையே வெளிய நிறுத்த மாட்டேன்.”

“அப்ப வைஃபை பொட்டியக் கழட்டிக்கினு போறேன்.”

4
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அன்பரசன் மனம் மாறுகிறான். பொய். மற்றதில் போலீஸ் வருகிறது. அவள் துணிந்ததற்கு நானே தண்டனை கொடுப்பதா? இரண்டையும் கிழித்தேன்.

இப்போது அவன் ஏணிமேல் நிற்கிறான், கையில் திருப்புளி. அவன் விழாதபடி ரேணுகாதேவி ஏணியைப் பிடித்திருக்கிறாள்.

“கழட்டு. மங்கம்மா பேசி முடிக்கட்டும், அப்பறம் கழட்டு.”

மங்கம்மாள் இப்போதுதான் மகளிடம், “இன்னிக்கி இன்னா கொயம்பு?” என்று ஆரம்பித்திருக்கிறாள். முடிப்பதாக இல்லை.

அந்தப் பேச்சை அறுக்க வேண்டுமென்றால், வாசகரே, ஏணியில் நீங்கள் ஏறுங்கள். நான் ஏற மாட்டேன்.