கால் கொடுக்க ஆளில்லை

இதனால் சபையார் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நமது திருச்சபை வரலாற்றிலேயே முதன்முறையாக, பிரிந்து கிடக்கும் இரு தரப்புத் தலைவர்களும் வருகிற ஞாயிறு ஆராதனையில் ஒருவர் காலை ஒருவர் கழுவி, தாழ்மையில் தங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பதை உலகத்துக்கு நிரூபிக்கவிருக்கிறார்கள். உலகம் நேரத்தோடு வந்து அமரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது.

போதகர் வாசித்த அறிவிப்பில் உலகத்துக்கான அழைப்பு இல்லை. மற்றபடி ஏறக்குறைய இதுதான்.

சண்டை, சபைச் செயலாளர் தேர்தலில் தொடங்கியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருபக்கம், கட்டடக் காண்ட்ராக்டர் மறுபக்கம். இருவரும் சம்பந்திகள்; ஆசிரியரின் மகள் காண்ட்ராக்டரின் மருமகள். தலைவன் என்பவன் வேலைக்காரன் என்று ஆசிரியர் முழங்கினார். தான் வேலைக்காரனுக்கும் வேலைக்காரன் என்று காண்ட்ராக்டர் ஒரு படி கீழே இறங்கி, அதனாலேயே ஜெயித்தார். தோற்ற வேலைக்காரர் கள்ள ஓட்டு என்றார். அன்றிலிருந்து ஆசிரியர் தரப்பு கோவிலின் இடப்பக்கம், காண்ட்ராக்டர் தரப்பு வலப்பக்கம். சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரத்தில்கூட அவரவர் பக்கத்துக் கைகளையே குலுக்கிக்கொண்டார்கள். நடுவில் விரித்திருந்த கம்பளம் தேயாமல் புதிதாகவே இருந்தது.

நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்கியவள் அந்த மருமகள். முதல் குழந்தை பிறந்த அன்றே போய்விட்டது. அன்று இரவெல்லாம் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுடைய அம்மா. இப்போது மறுபடி நிறைமாதம் நெருங்கிவிட்டது. அந்தக் கை இல்லாமல் ஆஸ்பத்திரிக்குள் காலெடுத்து வைக்கப் பயமாக இருந்தது. அம்மா வரக்கூடாது என்று மாமனார் சொல்லியாயிற்று. போகக்கூடாது என்று அப்பாவும் அம்மாவிடம் சொல்லியாயிற்று. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரு தரப்புக்கும் பூரண ஒற்றுமை. வீட்டுக்குப் போன் செய்தால் அப்பா எடுத்து, "ராங் நம்பர்" என்று வைத்துவிடுவார்.

சனிக்கிழமை அவள் போதகரைப் பார்க்க வந்தாள்.

"ஐயா, நாளைக்கு சேந்துருவாங்களா?"

"சேந்துதாம்மா ஆகணும். இல்லன்னா மேலிடத்துல சபையை ரெண்டாப் பிரிச்சிருவாங்க. உங்க மாமா ஆளுங்களுக்குக் காலைல, அப்பா ஆளுங்களுக்கு சாயந்திரம்."

"எங்கம்மா மூஞ்சிய இப்ப ஞாயித்துக்கிழமைதான் பாக்குறேன். அதுவும் தூரத்துல இருந்து. அதுவும் போயிருமா?"

ஜெபிப்போம் என்றார் போதகர். பதில் இல்லாதபோது அவர் அப்படித்தான் சொல்வார்.

அவர் நல்ல மனிதர். ஒரே ஒரு தப்புதான் செய்திருந்தார். கால் கழுவ விருப்பமுள்ளவர்கள் பெயர் தரலாம் என்று கேட்டிருந்தார். பெயர்கள் கொட்டின. காலைக் காட்டுவதற்கு யார் என்று கேட்க மறந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்துக்கு முன்னால், ஆண்டவர் கால் கழுவிய சீடர்களின் கணக்குக்குப் பன்னிரண்டு நாற்காலிகள், வெதுவெதுப்பான தண்ணீரோடு பன்னிரண்டு பேசின்கள். இரு தரப்புத் தலைவர்களும் பெயர் கொடுத்த மற்றவர்களும் இடுப்பில் புதுத் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாற்காலிகள் காலியாகவே இருந்தன.

"சார், நீங்க உக்காருங்க," என்றார் போதகர்.

"முதல்ல சம்பந்தி உக்காரட்டும். நான் கழுவுறேன்," என்றார் ஆசிரியர்.

"வயசுல பெரியவர் நீங்க. நீங்க காலை நீட்டுங்க, நான் குனியுறேன்."

"குனியுறதுல நான் உங்களுக்கு இளைச்சவன் இல்ல."

காண்ட்ராக்டர் போதகரின் காதுக்குள், "அவர் என் காலைக் கழுவிட்டார்னா அடுத்த எலெக்‌ஷன்ல அவர்தான் ஐயா," என்றார். போதகரின் சட்டையில் மைக் இருந்தது. சபை முழுவதும் கேட்டது.

"இவன் எதுக்குக் குனியுறான்னு இப்பத் தெரியுதா?" என்று இடப்பக்கத்திலிருந்து ஒரு குரல். "உங்காளு எதுக்குக் குனியுறாராம், முதுகு வலிக்கா?" என்று வலப்பக்கத்திலிருந்து பதில்.

இந்தக் கூத்தில் நெடுநேரம் நின்ற மருமகளுக்குத் தலை சுற்றியது. முன்னால் வந்து, முதல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். கால்கள் இரண்டும் வீங்கிப் பளபளத்தன.

இரண்டு தலைவர்களும் ஒரே நேரத்தில் மண்டியிட்டார்கள். போதகர் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டார்.

"வலது கால் எனக்கு. பெத்தவன் நான்," என்றார் ஆசிரியர்.

"பெத்தது நீங்கதான். யார் இல்லன்னது? இப்ப அந்தக் கால் நடக்குறது என் வீட்டுல."

"இடதைக் கழுவுங்களேன். அதுவும் அவ கால்தான்."

"அப்ப நீங்க இடதைக் கழுவுறது."

ஆளுக்கொரு பக்கம் பேசினை இழுத்தார்கள். அவள் இருவர் தலைக்கும் மேலாக இடப்பக்க வரிசைகளைப் பார்த்தாள்.

"மாமா, அப்பா, கால் கிடக்கட்டும். எங்கம்மாவ ஒருதரம் இங்க வரச் சொல்லுங்க. போதும்."

அம்மா எழுந்தே விட்டாள். கம்பளத்தின் ஓரம்வரை வந்துவிட்டாள். ஆசிரியர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உக்காரு," என்றார்.

அம்மா நின்றாள். பக்கத்திலிருந்த பெண்கள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். மகளைப் பார்த்தாள், கணவரின் முதுகைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

அந்த நேரத்தில், இருவரும் இழுத்த இழுப்பில் பேசின் கவிழ்ந்தது. தண்ணீர் கம்பளத்தில் ஊறி, பளிங்குத் தரையில் பரவியது. மைக்கைக் கவனிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் அப்போதுதான் எழுந்து ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தான். வழுக்கிவிடாமல் ஒவ்வோர் அடியாக வைத்து வாசலுக்குப் போனார்கள். இடுப்பில் துண்டோடு அத்தனை பேர் நின்றார்கள். தரையைத் துடைக்க யாரும் பெயர் கொடுத்திருக்கவில்லை.

அடுத்த மாதமே சபை இரண்டானது. காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. இரண்டிலும் முதல் பிரசங்கம் தாழ்மையைப் பற்றியது. இரண்டிலும் கூட்டம் நன்றாகவே வந்தது.

மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்று அவள் பிடித்துக்கொண்டிருந்தது கட்டிலின் கம்பியை. தாயும் சேயும் நலம் என்று சாயந்திர ஆராதனையில் போதகர் அறிவிப்பு வாசித்தார். அம்மாவுக்கு அப்போதுதான் தெரியும்.