இருபத்தோராவது தட்டு

சுதாஜினி போட்டிக்குப் பெயர் கொடுத்தது பெப்ரவரியில். சன்னலுக்கு வெளியே பனி முழங்காலளவு கிடந்தது. லாசால் ஆற்றங்கரைப் பூங்காவில் இறைச்சி சுடும் திருவிழா, செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தது. அது புரட்டாதிச் சனி என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

அவளுக்கும் கணவன் குலேந்திரனுக்கும் புரட்டாதிச் சனி விரதம். மீன், இறைச்சி, எந்த மச்சமும் வாயில் படாது.

"கலண்டர் குசினிச் சுவரிலதானே தொங்குது," என்றான் குலேந்திரன்.

"பெப்ரவரியில ஆர் புரட்டாதியைப் புரட்டிப் பாக்கிறது?"

"சமைக்கிற ஆள் ருசி பாக்காமல் போட்டிக்குப் போறதைக் கேள்விப்பட்டிருக்கிறீரோ?"

"மூக்கு இருக்குத்தானே."

விலக அவளுக்கு மனமில்லை. முதலிடம் பெறுபவருக்கு அடுத்த கோடை தொடங்கி ஒக்டோபர் வரை பூங்காவின் சாப்பாட்டுக் கடையை நடத்தும் உரிமை. பதினொரு வருடங்களாக அவள் ஒரு தொழிற்சாலையில் கோழி வெட்டிப் பொதி செய்கிறாள். அந்தக் கோழியை ஒருவர் தின்று அவள் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும்.

சனிக்கிழமை விடியத் தலைமுழுகி, எள்ளெண்ணெய் விளக்கேற்றி, கோழிக்கால்களை வாளியில் எடுத்துக்கொண்டு போனாள். இருபத்துமூன்று கூடாரங்கள். சீட்டுக் குலுக்கியதில் அவளுக்கு இருபத்தோராம் இலக்கம்.

குலேந்திரன் ஒரு சுற்றுப் போய் வந்தான்.

"பெரிய எடுப்பெண்டு நினைச்சன். ஒரு துண்டுக்கு முக்கால் மணித்தியாலம் வரிசை. அதுவும் பாகில முக்கின இறைச்சி."

"நீங்கள் சாப்பிடேலாது. பேந்தென்ன கவலை?"

ருசி பார்க்க றோஸ்மேரி வந்தாள். மட்டக்களப்புக்காரி, வேதக்காரி, விரதமில்லாதவள், இவர்களுக்கு மேல்மாடியில் இருப்பவள். சுதாஜினி தணலிலிருந்து ஒரு காலை எடுத்து நீட்டினாள். றோஸ்மேரி நின்றபடியே கடித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. உப்புக் காணாது கா. புளியும் காணாது."

சுதாஜினி புகையை முகர்ந்தாள். உப்பு அளவாகத்தான் போட்டிருந்தாள். அவள் கை அதில் பிழைத்ததில்லை.

"மட்டக்களப்பு நாக்குக்கு எப்பவும் காணாதுதான்," என்றான் குலேந்திரன்.

"யாழ்ப்பாணத்து நாக்கு ரெண்டும் இண்டைக்கு விரதம், அண்ணை. இருக்கிற நாக்கைக் கேளுங்க."

சுதாஜினி சிரிக்கவில்லை. "காலமை தொடக்கம் என்ன சாப்பிட்டனீங்கள், அக்கா?"

றோஸ்மேரி விரல் விட்டு எண்ணத் தொடங்கி, கை போதாமல் நிறுத்தினாள். "எட்டோ ஒன்பதோ கூடாரத்துல. வரிசைக்கு வெளியில ருசிக்குச் சும்மா குடுத்தாங்க. எல்லாம் மேப்பிள் பாகு இனிப்புத்தான்."

சுதாஜினி நடுவர்களின் மேசையைப் பார்த்தாள். மூன்று பேர். அவர்கள் முன்னால் பன்னிரண்டாம் தட்டு இருந்தது. அதுவும் பாகில் மினுங்கியது.

பழப்புளிக் கரைசலில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுக் கலக்கினாள். கால்களில் இரண்டு தரம் பூசித் தணலில் திருப்பினாள்.

"உப்புக் கூடிப் பிழைக்கப் போகுது," என்றான் குலேந்திரன்.

"பிழைக்காது. பாகு திண்டு திண்டு அவையின்ர நாக்கும் இப்ப அக்காவின்ர நாக்கு."

விதிப்படி நடுவருக்கு ஒரு கடி, ஒரு மிடறு தண்ணீர், ஒரு எண். இருபத்தோராவது தட்டில் மூத்த நடுவர் கடித்தார். தண்ணீரை எடுக்கப் போன கை பாதியில் நின்றது. மறுபடி கடித்தார். பக்கத்திலிருந்த பெண் எலும்பு வரை போய்விட்டாள். "ஆங்கோர்," இன்னும் வேண்டும் என்று பிரெஞ்சில் கேட்டு வெறுந்தட்டை நீட்டினாள். விதியை எல்லோரும் மறந்திருந்தார்கள்.

சுதாஜினி கையைக் கட்டிக்கொண்டு நின்று, அவர்கள் தின்று முடிக்கும் வரை பார்த்தாள்.

நாலு மணிக்கு ஒலிபெருக்கி அவள் பெயரைக் கடித்துக் குதறி அறிவித்தது. முதலிடம்.

ஞாயிறு காலை, மீதியிருந்த இரண்டு கால்களைச் சூடாக்கினாள். குலேந்திரன் ஒரு கடி கடித்துவிட்டுத் தண்ணீர்ச் செம்பைத் தேடினான்.

"உப்புக் கரிக்குது. இதுக்கோ முதலிடம் குடுத்தவை?"

"இருபது தட்டுக்குப் பிறகு குடுத்தவை." அவள் நிதானமாகச் சப்பினாள். அவளுக்கும் கரித்தது. "கடைக்கு வாற சனம் பசியோட வரும். பாதி உப்புக் காணும்."

அவன் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தான்.

"வாற புரட்டாதிச் சனியளில கடையில ஆர் ருசி பாக்கிறது?"

"றோஸ்மேரி அக்கா," என்றாள் சுதாஜினி. "ஆனால் வெறும் வயித்தோட வரவேணும்."