ஜொஹராவின் மஹர் காயவில்லை

காலையில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் அசன் மைதீன் எழுந்து பால் காய்ச்சுவான். தரையில் ஊறியிருக்கும் நீல மையை பேண்டேஜ் துணியால் துடைப்பான். நான்கு வயது மகள் ஷிஃபாவின் கால்களைச் சோப்புப் போட்டுக் கழுவுவான். பிறகு ராஜபாளையத்தில் தான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனிக்குப் போவான். மனைவி ஜொஹரா மௌத்தாகி அடக்கமான நாற்பதாம் நாளிலிருந்து இப்படித்தான். துணியைப் பிழிந்தால் அரைச் செம்பு மை இருக்கும்; ஐப்பசி மழையில் சற்றுக் கூடும். வீட்டில் பேனா கிடையாது.

ஆறு வருடத்துக்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிக்காஹ் நடந்தபோது, மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹராக எத்தனை பவுன் வேண்டும் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் பெண்ணிடம் கேட்டனுப்பினார். பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டிருந்த ஜொஹரா, நகை வேண்டாம், பி.ஏ. படிக்க வைத்தால் போதும் என்று சொல்லியனுப்பினாள். "காலேஜயா கழுத்துல மாட்டப் போறா?" என்று சபையில் யாரோ சிரித்தார்கள். "கேக்குறது பொண்ணோட ஹக்கு, அவ உரிம. குடுக்க ஏலாதவன் எந்திரிச்சுப் போலாம்" என்றார் ஹஜ்ரத். அசன் மைதீன் எழவில்லை. ஜமாத் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். வருடா வருடம் ஜொஹரா அஞ்சல்வழிப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி அவளே நிரப்பினாள். போட்டோ ஒட்டித் தபாலில் போடுவதுதான் பி.காம். படித்த அவன் வேலை. பொறவு பாப்போம் என்றாள் அவன் அம்மா. அவனும் அதையே சொன்னான். ஐந்து விண்ணப்பப் பாரங்களும் பீரோவில் கிடந்தன.

டெங்குவில் அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கொடுக்காத மஹர் புருஷன் மேல் கடனாக நிற்கக் கூடாது என்று வழக்கப்படி பெண்கள் கட்டிலைச் சூழ்ந்து, "மஹர மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லிருத்தா" என்றார்கள். உதடு அசைந்தது. "சொல்லிட்டா, சொல்லிட்டா" என்றாள் அம்மா. உதட்டருகே காதை வைத்திருந்தவன் அசன் மைதீன் மட்டும்தான். அவன் தலையாட்டினான். மஹர் மன்னிக்கப்பட்டது என்று பதிவேட்டில் ஏறியது. அந்த ஒரு வரி மட்டும் காயவில்லை. ஃபேனுக்கு அடியில் வைத்தார்கள், வெயிலில் வைத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

வீட்டில் மை முதலில் ஷிஃபாவின் பாதத்தோடு நின்றது. ரம்ஜானுக்கு முழங்கால் வந்தது. "பொட்டப்புள்ளைக்கு ஓதத் தெரிஞ்சாப் போதும், பள்ளிக்கூடம் எதுக்குலே?" என்று அம்மா சொன்ன அன்று இடுப்புக்கு ஏறியது. ஒரு நாள் காலையில் கழுத்தைச் சுற்றி நீல வளையமாக நின்றது, சோப்புக்குப் போகவில்லை. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்தான். பிள்ளை விழித்து, "கூசுது அத்தா" என்றாள்.

அவளைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். ஹஜ்ரத் பதிவேட்டின் ஈரப் பக்கத்தை விரித்தார். "மன்னிக்கலேன்னா அது இந்தப் புள்ளைக்குச் சேர வேண்டியது. உள்ளதச் சொல்லுப்பா, அவ என்ன சொன்னா?"

அவன் சொன்னான். ஹஜ்ரத் பழைய வரியை அடித்துவிட்டு, அவள் சொல்லைச் சொன்னபடியே கீழே எழுதினார். எழுதிய கையோடு மை காய்ந்தது. ஷிஃபாவின் கழுத்தில் மட்டும் இன்னும் லேசாக நீலம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அங்க அடையாளமாக அதைத்தான் குறித்திருக்கிறார்கள். பதிவேட்டை யாரும் பார்க்கலாம்; அவள் சொன்னது அதில் இருக்கிறது.

"பாரத்துல போட்டோ ஒட்டியாச்சா, மச்சான்?"