ஒரே கை எழுதிய இரண்டு டெண்டர்

…நாலரை என்றுதான் எழுதினேன், நூற்றுக்கு நாலரை வீதம், அதில் சந்தேகமில்லை, அதற்கு முந்திய நாள் லாபிருக்கு ஐந்து வீதம் என்று எழுதியதும் இதே கைதான், குறைந்த தரகு கேட்பவருக்கே அரசாங்கம் வேலையைக் கொடுக்கும் என்று தெரிந்தே எழுதிய கை… பத்தரைக்கு டெண்டர்ப் பெட்டியைத் திறப்பார்கள், இன்னும் ஐந்து நிமிடம். கேகாலைக் கச்சேரி அலுவலகத்தின் இந்த மர வாங்கில் என் கணவர் லாபிர் எனக்குப் பக்கத்தில், எதிர் வாங்கில் என் தம்பி முஹ்ஸின், முன்பு லாபிரின் ஏலத்தில் மணியடித்தவன், இப்போது அவனும் ஏலக்காரன், இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அரசாங்கத் தோட்டங்களில் கழித்துப்போட்ட லொறிகளையும் துருப்பிடித்த ரப்பர் ரோலர்களையும் ஏலத்தில் விற்றுக் கொடுக்கும் வேலை, மூன்று வருடத்துக்கு. கிடைக்காவிட்டால் மாவனல்லை ஏலக் கூடத்தை மூட வேண்டியதுதான் என்று லாபிர் சொல்லிவிட்டார், மூடிவிட்டு என்ன செய்வார், காலையில் எழுந்து எங்கே போவார், குரலைத் தவிர வேறெதுவும் இல்லாத மனிதர்…

சிங்களம் இருவருக்கும் வாயில் தண்ணீராக ஓடும், எழுத வராது, டெண்டரோ சிங்களத்தில்தான் எழுத வேண்டும். சிங்களப் பள்ளிக்கூடம் போனவள் நான் மட்டும். லாபிருக்கு எழுதிக் கொடுத்த மறுநாள் அவர் கடைக்குப் போனதும், பின்பக்கக் குசினி வாசலால் வந்தான் முஹ்ஸின். “ராத்தா, மச்சான் கூவினா ஓட்டை வாளியும் விலை போகும், அவருக்கு எதுக்கு கவர்மெண்ட் வேலை? எனக்கு எழுதித் தாங்க.” சிரித்துவிட்டேன். அவனுக்கும் மூன்று பிள்ளைகள், வாடகை வீடு, மெலிந்துபோன கழுத்து… எழுதினேன், அதே மேசையில், அதே பேனையால். ஒருவர் கணக்கை மற்றவருக்குச் சொல்லவில்லை. நடுவில் நிற்கிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை கூட இருந்ததே, அது என்ன பெருமை?

பெட்டியைத் திறந்துவிட்டார்கள், மொத்தம் மூன்று உறைகள். இரத்தினபுரியிலிருந்து வந்த ஏலக்காரர் ஒருவர், ஆறு. லாபிர் ஐந்து. முஹ்ஸின் நாலரை. லாபிரின் கை முழங்காலில் அசையாமல் கிடக்கிறது, நான் அதைத் தொடவில்லை, எப்படித் தொடுவது… அதிகாரி தாள்களைக் கீழே வைக்கவில்லை. இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும். இரண்டும் ஒரே எழுத்தாக இருக்கிறதே, யார் எழுதியது என்று சிங்களத்தில் கேட்கிறார். போட்டியாளர்கள் கூடிப் பேசி எழுதியிருந்தால் இரண்டையும் ஒதுக்கத்தான் வேண்டும் என்கிறார். இரத்தினபுரிக்காரர் குடையை மடியிலிருந்து இறக்கி வைக்கிறார், இனி அவசரமில்லை என்பதுபோல.

இப்படி ஒன்று நடக்கும் என்று ஏன் தோன்றவில்லை, என் எழுத்து அழகு என்று இரண்டு வீட்டிலும் சொல்வார்களே… லாபிர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். முஹ்ஸினும் பார்க்கிறான். இரண்டு முகத்திலும் கோபமில்லை, அதைவிட… ஆச்சரியமே இல்லை. “அஞ்சு சரிதானே?” என்று அன்று எழுதும்போது லாபிர் இரண்டு தரம் கேட்டார், உங்களுக்குத்தானே தெரியும் என்றேன். “எவ்வளவு போடலாம் ராத்தா?” என்று மறுநாள் இவனும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், உன் இஷ்டம் என்றேன். மற்றவரும் என்னிடம்தான் வருவார் என்று இருவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே வந்திருக்கிறார்கள், நான் யார் பக்கம் என்று பார்க்க.

அதிகாரி திரும்பவும் கேட்கிறார். எழும்புகிறேன். எழுத்து என்னுடையது என்று சொல்லிவிடலாம், அது லேசு, யாருக்காக எழுதினாய் என்று கேட்டால்தான்…