வாசலில் நின்றால் மலை தெரியும்

வீடு பார்க்கப் போகிறோம் என்று சொல்வதே தப்பு என்று தனத்துக்கு மூன்றே நாளில் புரிந்துவிட்டது. வீட்டை யார் பார்க்க விட்டார்கள்? வீட்டுக்காரர்கள்தான் அவளை வாசலில் நிறுத்திவைத்துப் பார்த்தார்கள். தலையில் என்ன பூ, காலில் மெட்டி இருக்கிறதா, வயிற்றில் எத்தனை மாதம், பின்னால் நிற்கிற புருஷன் ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான், எல்லாவற்றையும் பார்த்தார்கள். பார்த்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அதற்குத்தான் அவளிடம் பதில் இல்லை.

"உங்க சொந்த ஊரு எது?"

முதல் வீடு சன்னதித் தெருவில், ஒரு ஜவுளிக்கடைக்காரருடையது. தனம் கொஞ்சமும் யோசிக்காமல் "ரங்கூன்" என்றாள். அவர் சிரித்துவிட்டார்.

"அது பொழைக்கப் போன ஊரும்மா. நான் சொந்த ஊரக் கேட்டேன்."

"நான் அங்கதாங்க பொறந்தேன். எங்க அம்மாவும் அங்கதான் பொறந்தாங்க."

"அப்ப பர்மாக்காரங்களா நீங்க?" என்று கேட்டுக்கொண்டே அவர் கதவைப் பாதி சாத்தினார். மீதிப் பாதியை, தரகர் கண்ணாயிரம் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சாத்திவிட்டார்.

அநியாயத்தைக் கேட்டீர்களா! ஆறு மாதத்துக்கு முன்னால்தான் ரங்கூனில் ஒரு அதிகாரி, "நீங்கள் இந்தியாக்காரர்கள், உங்கள் ஊருக்குப் போங்கள்" என்று சொல்லிக் கடையைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டான். அறுபத்து நாலாம் வருஷம் அது. அங்கிருந்த தமிழர் பலருக்கும் அதே கதிதான். கப்பலேறி மெட்ராஸில் இறங்கி, முகாமில் நாலு மாதம் கிடந்து, இங்கே வந்து சேர்ந்தால் "பர்மாக்காரங்களா?" என்கிறார் ஜவுளிக்கடைக்காரர். ஒரு மனுஷி எந்த ஊருக்குத்தான் போவாள்?

திருவண்ணாமலைக்கு வந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. தனத்தின் புருஷன் சக்கரவர்த்தியின் தாத்தா, சின்ன வயசில் யாருடனோ கப்பலேறிப் போனவர். எந்தக் கிராமம் என்று யாரும் அவரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. கேட்கத் தோன்றியபோது அவர் இல்லை. "நம்ம ஊரு அண்ணாமலையார் சீமை. வாசல்ல நின்னா மலை தெரியும்" என்று அவர் சொன்னது மட்டும் குடும்பத்தில் தங்கியிருந்தது. இன்னொரு பழக்கமும் தங்கியிருந்தது. கார்த்திகைக்குக் கார்த்திகை ரங்கூன் வீட்டு வாசலில் களிமண்ணைக் குழைத்து ஒரு மலை செய்து, அதன் உச்சியில் அகல் ஏற்றுவார் தாத்தா. அவருக்குப் பிறகு சக்கரவர்த்தி செய்தான். அவர் கை போனபடியே இவன் கையும் போகும். நடுவில் பெரிய உச்சி, அதன் தோளில் ஒட்டினாற்போல் சின்னதாக இன்னொன்று, அப்புறம் நீளமாக ஒரு சரிவு.

பஸ்ஸை விட்டு இறங்கி முதல்முதலாக மலையைப் பார்த்ததும் சக்கரவர்த்தியின் முகம் விழுந்துவிட்டது.

"தனம், தாத்தா செஞ்சது இப்படி இல்லையே. இது ஒத்தை மலையால்ல இருக்கு?"

"உங்க தாத்தாவுக்கு மண்ணு பிசைய வரலை, அவ்வளவுதான். பெட்டியைத் தூக்குங்க" என்றாள் தனம். ஏழு மாத வயிற்றோடு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவளிடம் வேறென்ன பதில் வரும்?

தங்க ஒரு சத்திரத்தில் இடம் கிடைத்தது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தையற்கடையில் அவனுக்கு வேலையும் கிடைத்தது. வீடுதான் கிடைக்கவில்லை. தீபத் திருவிழா வந்துகொண்டிருந்தது. "கொடி ஏர்றதுக்குள்ள காலி பண்ணிடணும்மா, அப்புறம் எனக்குக் கால் வெக்க எடம் இருக்காது" என்று சத்திரத்து மணியக்காரர் தன்மையாகத்தான் சொன்னார். கொடியேற்றத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. வயிற்றுப் பிள்ளையைச் சுமந்துகொண்டு கோயில் மதிலோரம் படுப்பதைத் தனம் நினைத்துப் பார்த்தாள்.

இரண்டாவது வீடு வட ஒத்தவாடைத் தெருவில். அந்த வீட்டம்மாள் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "பர்மாவுல மீனை அழுக வெச்சி தின்பாங்களாமே?" என்று கேட்டாள். தனத்துக்கு அது உயிர். பிள்ளை உண்டான நாளிலிருந்து ராத்திரி கனவில்கூட அது வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். அப்புறம் ஊர்க் கேள்வி வந்தது. இந்த முறை சக்கரவர்த்தியே முன்னால் வந்து, தாத்தா சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"வாசல்ல நின்னா மலை தெரியுமா?" என்று அந்த அம்மாள் கண்ணாயிரத்தைப் பார்த்துச் சிரித்தாள். "இந்தச் சுத்துப்பட்டுல மலை தெரியாத ஊரு எது கீது? வேற எடம் பாருங்க."

தெருமுனை திரும்பியதும் கண்ணாயிரம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். பேருக்கேற்ற ஆள்தான். ஊரில் எந்த வீடு காலி, எந்த வீட்டுக்காரருக்கு என்ன குணம், எந்த வேளையில் போனால் சிரித்த முகமாக இருப்பார்கள், அத்தனையும் அந்த ஆயிரம் கண்ணுக்கும் தெரியும். அவர் ஏற்பாடு செய்த நேரத்தில் ராகு காலமும் இருக்காது, எமகண்டமும் இருக்காது. அப்படிப்பட்டவர் அன்றைக்குக் கொதித்துப் போயிருந்தார்.

"இன்னா தங்கச்சி, உன் வூட்டுக்காரரு இன்னா அரிச்சந்திரனா? ஒரு ஊரு பேரைச் சொன்னா நாக்கு அழுகிடுமா?"

"தெரியாத ஊரை எப்படிண்ணே சொல்றது?"

"தெரிஞ்சவன்லாம் சரியாவா சொல்றான்? கேளு. ஊரு எதுன்னு கேக்கறாங்களே, ஊரு மேல ஆசைப்பட்டா கேக்கறாங்க? ஊரைச் சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாங்க. தெருவைச் சொன்னா நீங்க யாரு, இன்னா ஆளுங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். நேரா சாதியக் கேட்டா மரியாதியா இருக்காது பாரு, அதுக்குத்தான் இந்தச் சுத்து. ஊரே இல்லன்னா அவங்களுக்குப் புடிக்க கொம்பே கெடயாது. பேஜாராப் பூடுது."

அதில் இருந்த நியாயம் தனத்துக்கு உறைத்தது. உறைத்ததும் கோபமும் வந்தது.

"நாளைக்கு புதன்கெழம. பேகோபுரத் தெருவுல எல்லம்மான்னு ஒரு அம்மா, பின்கட்டு காலி. வாய் ஜாஸ்தி, ஆனா மனசு கெட்டது இல்ல. பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துடும். பத்து மணிக்கே போயிடலாம். சொந்த ஊரு இதோ பக்கத்துல கீற வேங்கிக்கால், மேலத் தெரு. நானே சொல்லிடறேன். நீ 'என்ன'ன்னு பேசாத, 'இன்னா'ன்னு பேசு. உங்க வூட்டுக்காரரு பேசவே வாணாம். கையக் கட்டிக்கினு நின்னா போதும்."

"கையைக் கட்டிட்டு நிக்கிறதுதான் அவருக்கு வராது" என்றாள் தனம். தையற்காரன் கை, சும்மா இருக்கச் சொன்னால் வேட்டி நுனியையாவது மடித்துக்கொண்டிருக்கும்.

மறுநாள் பத்து மணிக்குப் போனார்கள். எல்லம்மாள் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, திருவிழாவுக்காகப் பின்கட்டுச் சுவரைச் செம்மண் பூசி மெழுகிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயசிருக்கும். புருஷன் இல்லை, இரண்டு பசுமாடு இருந்தது. முழங்கை வரை மண்ணோடு வந்து நின்று, தனத்தின் வயிற்றைத்தான் முதலில் பார்த்தாள்.

"எத்தினி மாசம்?"

"ஏழு."

"நின்னுக்கினே கீறியே, ஒக்காரு அந்த ஒரல் மேல." உட்கார்ந்த பிறகு கேட்டாள். "சொந்த ஊரு எது?"

கண்ணாயிரம் முந்திக்கொண்டார். "வேங்கிக்கால்தாங்க. தாத்தா காலத்துல பர்மாவுக்குப் போயிட்டாங்க. இப்ப திரும்பி வந்துட்டாங்க, நம்ம ஊரு ஜனங்கதான்."

"வேங்கிக்காலா? நல்லதாப் போச்சி" என்றாள் எல்லம்மாள். கதவைத் திறந்து காட்டினாள். ஒரு அறை, ஒரு அடுப்படி, கிணறு பொதுவில். அடுப்படிச் சுவரில் அகல் வைக்கிற மாடம் ஒன்று இருந்தது. தனம் அந்த அறையின் நடுவில் நின்றாள். இந்த மூலையில் தூளி கட்டலாம் என்று நினைத்தாள். இந்த ஊருக்கு வந்து முதல்முறையாக ஒரு வீட்டை அவள் பார்த்தாள். பொய்யாவது மண்ணாவது, இந்த வீடு கிடைத்தால் போதும் அண்ணாமலையாரே என்று வேண்டிக்கொண்டாள்.

வெளியே வந்து பார்த்தால், அட கடவுளே! குழைத்து வைத்திருந்த செம்மண் குவியல் பக்கத்தில் சக்கரவர்த்தி குந்தியிருந்தான். பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், பாவம், அந்தப் பொய் நடந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவன் என்னதான் செய்வான்? கை தன்பாட்டுக்கு மண்ணை எடுத்துவிட்டது. நடுவில் பெரிய உச்சி, தோளில் சின்ன உச்சி, நீளச் சரிவு. கடைசிச் சரிவைக் கட்டை விரலால் வழித்துவிட்டுக்கொண்டிருந்தான். வீடு பார்க்க வந்த இடத்தில் மண்ணில் விளையாடுகிற ஆம்பளையை எந்த ஊரிலாவது கண்டதுண்டா? தனத்துக்கு அவன் தலையில் ஒன்று வைக்கலாம் போலிருந்தது.

எல்லம்மாள் குனிந்து பார்த்தாள்.

"இது இன்னாப்பா?"

சக்கரவர்த்தி திடுக்கிட்டு எழுந்தான். "மலைங்க. எங்க தாத்தா செய்யிற மாதிரி."

"வேங்கிக்கால் தாத்தாவா?"

அவன் தனத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"வேங்கிக்கால்ல எங்க சின்ன மாமியாரைக் கட்டிக் குடுத்தாங்க. முப்பது வருசமா போய் வந்துக்கினு கீறேன். அங்க நின்னு பாத்தா மலை இப்படியாய்யா இருக்கும், கண்ணாயிரம்?"

கண்ணாயிரத்தின் ஆயிரம் கண்ணும் சைக்கிள் பெல்லைப் பார்த்தன.

இனி என்ன, போயிற்று. தனம் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள். பயம் போய்விட்டது, பயப்பட இனி ஒன்றும் பாக்கியில்லை.

"பொய்தாம்மா. எங்களுக்கு ஊரு தெரியாது. அவரு தாத்தா சொல்லாமலே செத்துட்டாரு. வாசல்ல நின்னா மலை தெரியும்னாரு, வருஷா வருஷம் இப்படி ஒண்ணைச் செஞ்சு விளக்கு வச்சாரு, அதைத் தவிர எங்ககிட்ட ஒண்ணும் இல்லை. அங்க இந்தியாக்காரின்னு துரத்தினாங்க. இங்க பர்மாக்காரின்னு கதவைச் சாத்துறாங்க. இன்னும் நாலு நாள்ல சத்திரத்தையும் விடணும். இந்தப் பிள்ளை நாளைக்கு என்னைக் கேக்கும்ல, நான் எந்த ஊருல பொறந்தேன்னு? அதுக்காவது ஒரு பதில் வேணும்மா எனக்கு. அதுக்குத்தான் பொய் சொன்னோம்."

சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. 'என்ன'வும் 'இன்னா'வும் அந்தப் பேச்சில் எங்கே போயின என்று யாருக்குத் தெரியும்?

எல்லம்மாள் மண் மலைக்கு முன்னால் குந்தினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். அப்புறம் விரல் நுனியில் கொஞ்சம் மண்ணை எடுத்துச் சின்ன உச்சியின் அடியில் ஒரு மேடாக ஒட்டினாள்.

"இங்க ஒரு பாறை துருத்திக்கினு இருக்கும். உங்க தாத்தா சின்ன வயசுல போயிட்டாரு பாரு, அத மட்டும் மறந்துட்டாரு." நிமிர்ந்தபோது அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "கெழக்கால நின்னா மலை ஒத்தையாத்தான் தெரியும். மேக்கால போனாதான் இப்படி. நான் அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில பொறந்தவ. எங்க வூட்டு வாசல்ல நின்னா இந்த மலைதான்யா தெரியும்."

சக்கரவர்த்தி மண் கையோடு அப்படியே நின்றான். "அடி அண்ணாமலை" என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தான்.

ஊர் கிடைத்துவிட்டது. ஊர் கிடைத்தால் அடுத்த கேள்வி என்ன என்று தனத்துக்குத் தெரியும். எல்லம்மாள் அந்த ஊரிலேயே பிறந்தவள். எல்லாத் தெருவும் தெரிந்தவள். கண்ணாயிரத்துக்கும் அது தெரியும். அவர் அவசரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தெரு வந்துங்க..." என்று ஆரம்பித்தார்.

"உன்னக் கேட்டனா?" என்றாள் எல்லம்மாள்.

அவர் வாயை மூடிக்கொண்டார். எல்லம்மாள் தனத்தின் பக்கம் திரும்பினாள்.

"பால் காய்ச்ச ஏனம் கீதா உங்கிட்ட?"

தனத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, "இல்லம்மா, பித்தளைச் சாமானை எல்லாம் கப்பல்ல ஏத்த விடலை" என்றாள்.

"சரி, என்னுது எடுத்துக்கோ. வெள்ளிக்கெழம காலையில வந்துடுங்க. பாலு நம்ம மாட்டுப் பாலு." எல்லம்மாள் கையிலிருந்த மண்ணைச் சுவரில் வழித்துவிட்டு உள்ளே போனாள். போகிறவள் திரும்பிச் சக்கரவர்த்தியைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டாள். "அத்த கலைச்சிடாத. தீபத்தன்னிக்கி வெளக்கு வெக்க வேணும்."

தனம் அந்த வீட்டில் பதினோரு வருஷம் குடியிருந்தாள். இரண்டு பிள்ளைகளை அங்கேதான் பெற்றாள், இரண்டு பேருக்கும் முதல் தண்ணீர் ஊற்றியது எல்லம்மாள்தான். எந்தத் தெரு என்று மட்டும் அவள் கேட்கவேயில்லை.